ஓட்டாத காருக்கு இன்ஷூரன்ஸ் எதற்கு?

நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியில் வசிக்கும் ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். யார் என்று தெரிந்துவிடாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவர்கள் வீட்டில் இரண்டு கார்கள். இரண்டும் கணவர் பெயரில் பதிவானவை. மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று மே மாதம் குடும்பத்தோடு மதுரைக்குக் கிளம்பினார்கள். கிளம்பும் முன் இரண்டு காரியங்கள் செய்தார்கள். புதிய காரின் இன்ஷூரன்ஸை மே 15 அன்று வேறொரு கம்பெனிக்கு மாற்றினார்கள், இடையில் ஒரு நாள்கூட விடவில்லை. பழைய காரை யாரும் ஓட்டப்போவதில்லை என்பதால் அதன் இன்ஷூரன்ஸை மே 20 முதல் ரத்து செய்தார்கள். அதில் ஏறக்குறைய 300 டாலர் மிச்சம். புதிய கார் நண்பர் வீட்டு டிரைவ்வேயில், அதாவது வீட்டு வளாகத்துக்குள் கார் நிறுத்தும் இடத்தில், நின்றது. அங்கே ஒரு காருக்குத்தான் இடம் என்பதால் பழைய கார் தெருவிலேயே நின்றது.

வாசகியும் மகனும் ஜூலை 4 அன்று திரும்பிவிட்டார்கள். கணவர் ஆகஸ்ட் கடைசி வரை மதுரையில்தான். ஜூலை 6 அன்று பழைய காருக்குப் புது பாலிசி எடுத்தாயிற்று. அதற்குள், டிஎம்வி என்று எல்லோரும் சொல்லும் மாநில மோட்டார் வாகனத் துறையிலிருந்து இரண்டு கடிதங்கள் வந்துவிட்டன. புதிய காருக்கு இன்ஷூரன்ஸ் இருப்பதாகத் தங்களிடம் பதிவு இல்லை, விளக்கம் தாருங்கள் என்கிறது ஒன்று. பழைய காரின் பதிவு ஆகஸ்ட் 11 முதல் இடைநிறுத்தப்படும் என்கிறது இன்னொன்று.

“புதிய காருக்கு இன்ஷூரன்ஸ் கார்டு கையில் இருக்கிறதே, பிறகு ஏன் இந்தக் கடிதம்? பழைய கார் ஒரு நாள்கூட நகரவில்லை, ஓட்டாத காருக்கு இன்ஷூரன்ஸ் எதற்கு? கணவரின் லைசென்ஸ் போய்விடுமா? அவருடைய எச்1பி வேலை விசாவுக்குச் சிக்கல் வருமா? நியூ ஜெர்சியில் இருக்கும் கொழுந்தனார் சில யோசனைகள் சொல்கிறார், கேட்கலாமா? டிசம்பரில் மறுபடி ஊருக்குப் போக வேண்டும், அப்போது என்ன செய்வது?” இவைதான் அவருடைய கேள்விகள்.

சகோதரி, முதலில் ஒரு ஆறுதல். இரண்டு கடிதமும் ஒரே உறையில் வந்ததுபோல நீங்கள் பயந்திருக்கிறீர்கள். உண்மையில் இரண்டும் வேறு வேறு விஷயம். புதிய கார் விஷயம் பெரும்பாலும் எழுத்துப்பிழை, சில தொலைபேசி அழைப்புகளில் முடியும். பழைய கார் விஷயம் உண்மையான இடைவெளி, அதற்கு விலை கொடுத்தாக வேண்டும். ஆனால் அந்த விலை நீங்கள் நினைப்பதைவிடச் சிறியது.

கார்டு இருந்தும் கடிதம் ஏன்?

நியூயார்க்கில் இன்ஷூரன்ஸ் கார்டு என்பது போலீஸ்காரர் நிறுத்தினால் காட்டுவதற்கும், பதிவு செய்யும்போது கொடுப்பதற்கும்தான். இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்ற கேள்வி எழுந்துவிட்டால் டிஎம்வி அந்தக் கார்டைப் பார்ப்பதில்லை. கம்பெனி மின்னணு முறையில் நேரடியாக அனுப்பும் தகவலைத்தான் கணக்கில் எடுக்கும். பழைய கம்பெனி “இவரோடு எங்கள் பாலிசி முடிந்தது” என்று அனுப்பும். புதிய கம்பெனி “இவர் எங்களிடம் வந்துவிட்டார்” என்று அனுப்ப வேண்டும். முதல் தகவல் போய்ச் சேர்ந்து இரண்டாவது சேராவிட்டால், கம்ப்யூட்டர் கடிதம் அடித்துவிடும். கார்டை நகல் எடுத்துத் தபாலில் அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். பலர் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

இரண்டாவது தகவல் ஏன் சேரவில்லை? உங்கள் கடிதத்திலேயே ஒரு தடயம் இருக்கிறது. கணவரின் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக இருக்கிறது, பதிவுச் சான்றிலும் அப்படியே இருக்கிறது, ஆனால் புதிய கார்டில் முன்பின்னாக இருக்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதுதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். பதிவில் உள்ள பெயரும் பாலிசியில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும். நம் ஊர்ப் பெயர்களுக்கு இது தீராத தலைவலி. இனிஷியலை விரித்து எழுதுவது, ஒற்றைப் பெயரை இரண்டு கட்டத்திலும் நிரப்புவது, நடுப்பெயரை விட்டுவிடுவது என்று எத்தனையோ வகை.

பெயர் சரியாக இருந்தால் அடுத்து வின் எண்ணை, அதாவது ஒவ்வொரு காருக்கும் உள்ள தனி அடையாள எண்ணை, பாருங்கள். மொத்தம் 17 இடம். அதில் ஐ, ஓ, கியூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகள் வரவே வராது. ஆகவே சுழியம் இருக்க வேண்டிய இடத்தில் ஓ என்று யாராவது தட்டியிருந்தால் பொருந்தாது. கண்ணாடி ஓரம் டேஷ்போர்டில் உள்ள எண்ணை போனில் படம் எடுத்து, பாலிசித் தாளோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள்.

தவறு தெரிந்ததும் ஏஜென்டிடம் “கார்டைத் திருத்திக் கொடுங்கள்” என்று மட்டும் கேட்காதீர்கள். “திருத்தி, மே 15 முதல் அமலில் இருப்பதாக டிஎம்விக்கு மறுபடி மின்னணுத் தகவல் அனுப்புங்கள்” என்று கேளுங்கள். கேட்டதை மின்னஞ்சலிலும் எழுதிவிடுங்கள். பழைய கம்பெனியிடமிருந்து பாலிசி எந்தத் தேதியில் முடிந்தது என்று ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். டிஎம்வி கடிதத்துக்கும் அதில் குறிப்பிட்ட கெடுவுக்குள் பதில் போக வேண்டும். இணையத்திலேயே பதில் தரலாம், மதுரையிலிருந்து உங்கள் கணவரே செய்யலாம். சில நாள் கழித்து, தகவல் ஏறிவிட்டதா என்று அதே இணையதளத்தில் பாருங்கள். கம்பெனி இழுத்தடித்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் மாநில நிதிச் சேவைகள் துறையில் புகார் கொடுக்கலாம். புகார் கொடுக்கப் போகிறோம் என்று சொன்னதுமே பல நேரங்களில் வேலை நடந்துவிடும்.

ஜூலை 6 அன்று பழைய காருக்கு எடுத்த பாலிசியிலும் இதே பெயர்க் குழப்பம் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இருந்தால், நீங்கள் இன்ஷூரன்ஸ் எடுத்த பிறகும் இடைவெளி நாட்கள் டிஎம்வி கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஓட்டாத கார்

ஓட்டாத காருக்கு இன்ஷூரன்ஸ் எதற்கு என்ற உங்கள் கேள்வி நியாயமானதுதான். இந்தியாவில் வண்டி வைத்திருந்த எவருக்கும் அப்படித்தான் தோன்றும். அங்கே 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவு, பொது இடத்தில் வாகனத்தைப் பயன்படுத்துவதற்குத்தான் இன்ஷூரன்ஸைக் கட்டாயமாக்குகிறது. வீட்டு ஷெட்டில் தார்ப்பாய் போர்த்தி நிற்கும் அம்பாசிடருக்கு யாரும் கடிதம் போடப்போவதில்லை.

நியூயார்க்கில் கணக்கு வேறு. இங்கே இன்ஷூரன்ஸ் ஓட்டுவதோடு கட்டப்படவில்லை, பதிவோடு கட்டப்பட்டிருக்கிறது. காரில் நியூயார்க் நம்பர் பிளேட் இருக்கும்வரை, கார் ஓடினாலும் தூங்கினாலும், இந்த மாநிலத்தில் உரிமம் பெற்ற கம்பெனியின் பாலிசி அமலில் இருக்க வேண்டும். இன்ஷூரன்ஸை நிறுத்த நினைத்தால் முதலில் பிளேட்டை டிஎம்வியிடம் ஒப்படைக்க வேண்டும். நீங்கள் பிளேட்டைக் காரிலேயே விட்டுவிட்டு இன்ஷூரன்ஸை நிறுத்தினீர்கள். அங்கிருந்துதான் எல்லாம் தொடங்கியது. மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் இந்த விதியிலிருந்து விலக்கு உண்டு, பனிக்காலத்தில் அதை யாரும் ஓட்ட முடியாது என்பதால். காருக்கு இல்லை.

இனி கொஞ்சம் சங்கடமான விஷயம். “கார் ஒரு நாள்கூட நகரவில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த பக்கத்தில், தெரு கூட்டும் நாட்களில் வாரம் இரண்டு முறை காரை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றி வைத்த நண்பருக்கு நன்றி சொல்கிறீர்கள். குயின்ஸில் கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் இது பழக்கப்பட்ட வேலை, அதை யாரும் “ஓட்டுவது” என்று நினைப்பதில்லை. சட்டம் அப்படிப் பார்க்காது. பத்தடி தூரமானாலும் பொதுச் சாலையில் இன்ஷூரன்ஸ் இல்லாத காரை இயக்கியதுதான். இயக்கியவர் மட்டுமல்ல, அனுமதித்த உரிமையாளரும் பொறுப்பு. வாகன, போக்குவரத்துச் சட்டத்தின் 319ஆம் பிரிவில் இதற்கு 150 முதல் 1,500 டாலர் வரை அபராதம், 15 நாள் வரை சிறை. லைசென்ஸ் குறைந்தது ஒரு வருடத்துக்கு ரத்தாகும், திரும்பப் பெற 750 டாலர் தனியாகக் கட்ட வேண்டும்.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. யாரும் நிறுத்தவில்லை, டிக்கெட் கொடுக்கவில்லை, விபத்து நடக்கவில்லை. நடந்ததை நீங்களாகப் போய்ச் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் ஏதாவது ஒரு படிவம் “இந்த நாட்களில் வாகனம் சாலையில் இயக்கப்படவில்லை” என்று உறுதி கேட்டால், உங்கள் கணவர் அதில் கையெழுத்துப் போடக் கூடாது. இடைவெளியைத் தீர்த்துக்கொள்ளலாம், பொய் உறுதிமொழியைத் தீர்ப்பது கடினம். அப்படி ஒரு வரி கண்ணில் பட்டால், பதில் அனுப்பும் முன் இங்குள்ள ஒரு வழக்கறிஞரிடம் தனியாகப் பேசுங்கள். இந்த விஷயத்தை மறுபடி மின்னஞ்சலில் எனக்கோ வாட்ஸ்அப் குழுவிலோ எழுத வேண்டாம்.

410 டாலரா, 47 நாளா?

மே 20 முதல் ஜூலை 5 வரை எண்ணினால் 47 நாள். பழைய பாலிசி உண்மையிலேயே மே 20 அன்றுதான் முடிந்ததா என்று ரத்து செய்த கடிதத்தில் பாருங்கள். கட்டிய பணம் மே கடைசி வரை செல்லுபடியாகியிருந்தால் நாட்கள் குறையும், டிஎம்வியின் கணக்கைத் திருத்தச் சொல்லலாம்.

இடைவெளி 90 நாளுக்கு மேல் போகவில்லை என்றால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அபராதத் தொகை கட்டுவது. முதல் 30 நாளுக்கு நாளொன்றுக்கு 8 டாலர், 31 முதல் 60 வரை 10 டாலர், 61 முதல் 90 வரை 12 டாலர். உங்கள் 47 நாளுக்கு 240, அதோடு 170, ஆக 410 டாலர். இந்தச் சலுகை 36 மாதத்துக்கு ஒரு முறைதான். இரண்டாவது வழி, பிளேட்டை ஒப்படைத்துவிட்டு இடைவெளி எத்தனை நாளோ அத்தனை நாள் காரைச் சும்மா வைத்திருப்பது. பணம் மிச்சமாகும்.

காகிதத்தில் இரண்டாவது வழி கவர்ச்சியாக இருக்கும். உங்கள் நிலையில் அது சரிப்படுமா என்று யோசியுங்கள். பிளேட் இல்லாத காரைத் தெருவில் நிறுத்த முடியாது. உங்களுக்குச் சொந்த டிரைவ்வே இல்லை. குயின்ஸில் ஏழு வாரம் ஒரு காரை உள்ளே நிறுத்த வாடகை கொடுத்தால் 410 டாலரைத் தாண்டிவிடும். நண்பரின் டிரைவ்வே இலவசமாகக் கிடைத்தால் மட்டும் அது புத்திசாலித்தனம். கிடைக்காவிட்டால் நான் பணத்தைக் கட்டச் சொல்வேன். ஒரே ஒரு விலக்கு, மேலே சொன்ன உறுதிமொழி. அதில் கையெழுத்துப் போட வேண்டிய நிலை வந்தால், நண்பரிடம் இன்னொரு முறை டிரைவ்வேயைக் கேட்டுவிட்டு, பிளேட்டை ஒப்படைத்துவிடுங்கள். பிளேட்டை உரிமையாளர்தான் நேரில் கொண்டுபோக வேண்டும் என்பதில்லை, நீங்களே கழற்றிக் கொண்டுபோகலாம். அங்கே தரும் எஃப்எஸ்-6டி ரசீதை எந்தக் காலத்திலும் தூக்கிப் போடாதீர்கள்.

எந்த வழியானாலும் ஆகஸ்ட் 11க்கு முன் முடிவெடுங்கள். அந்தத் தேதிக்குப் பிறகு, இன்ஷூரன்ஸ் இருந்தாலும் பதிவு நிறுத்தப்பட்ட கார் அது. அதைத் தெரிந்தே ஓட்டினால் போக்குவரத்து டிக்கெட்டோடு போகாது, கிரிமினல் குற்றம்.

லைசென்ஸும் விசாவும்

வந்திருப்பது காரின் பதிவுக்கான நோட்டீஸ். இடைவெளி 91 நாளைத் தொட்டால்தான் உரிமையாளரின் லைசென்ஸும் சேர்ந்து நிறுத்தப்படும். நீங்கள் 47இல் நின்றுவிட்டீர்கள். கணவர் ஆகஸ்ட் கடைசியில் திரும்பும்வரை காத்திருக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். வேண்டாம். புதுப் பாலிசியின் தகவல் டிஎம்விக்குப் போய்ச் சேராமல் இருந்தால், ஆகஸ்ட் 18 அன்று அவர்கள் கணக்கில் 91ஆம் நாள் வந்துவிடும். லைசென்ஸ் ஒரு முறை நிறுத்தப்பட்டால் அது நியூயார்க்கோடு நிற்காது. மற்ற மாநிலங்களும் பார்க்கும் தேசியப் பதிவேட்டில் ஏறும். நாளைக்கு வேறு மாநிலத்தில் வேலை கிடைத்துப் போனால் அங்கே லைசென்ஸ் எடுப்பதும் சிக்கலாகும்.

விசாவைப் பற்றி உங்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்தி தவறு. டிஎம்வி தரும் இடைநிறுத்த நோட்டீஸ் ஒரு நிர்வாக நடவடிக்கை. அது கைதும் அல்ல, தண்டனையும் அல்ல. விசா விண்ணப்பமான டிஎஸ்-160 படிவம் கேட்பது, எப்போதாவது கைதாகியிருக்கிறீர்களா, குற்றத்தில் தண்டனை பெற்றிருக்கிறீர்களா என்று. 410 டாலர் கட்டி முடித்த விவகாரத்துக்கு அங்கே இடமில்லை. பதிவு நிறுத்தப்பட்ட பிறகு அந்தக் காரை ஓட்டி, போலீஸ் பிடித்து வழக்கானால்தான் அந்தக் கேள்விக்கு வேறு பதில் எழுத வேண்டிவரும்.

கொழுந்தனாரின் யோசனைகள்

அவர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். மூன்று யோசனையும் கூடாது. தெரிந்த ஏஜென்ட் மூலம் மே 20 தேதியிட்டு ஒரு பாலிசி வாங்குவது இன்ஷூரன்ஸ் மோசடி. மே மாதமே காரைத் தம்பிக்கு விற்றுவிட்டதாகக் காகிதம் தயாரிப்பது பொய் ஆவணம், அதில் அவரும் சேர்ந்து மாட்டுவார். மூன்றாவது, காரை நியூ ஜெர்சியில் அவர் முகவரியில் பதிவு செய்து குறைந்த பிரீமியம் கட்டுவது. கார் தினமும் குயின்ஸ் தெருவில் நிற்கும்போது முகவரியை மாற்றிச் சொன்னால், விபத்து நடக்கும் அன்று கம்பெனி அதைத்தான் முதலில் தோண்டும். இழப்பீடு தர மறுக்க அவர்களுக்கு அது போதும். பதிவை மாற்றாமல் நியூ ஜெர்சி பாலிசி மட்டும் எடுப்பதும் உதவாது, நியூயார்க் பிளேட்டுக்கு வெளிமாநில இன்ஷூரன்ஸ் செல்லவே செல்லாது.

கடிதத்தின் ஓரத்தில், “டிஎம்வியிலிருந்து குறுஞ்செய்தியும் வந்தது, லிங்க்கில் பணம் கட்டச் சொல்கிறது” என்று எழுதியிருந்தீர்கள். அது மோசடி. டிஎம்வி குறுஞ்செய்தி அனுப்பிப் பணம் கேட்பதில்லை. தபாலில் வந்த கடிதத்தில் உள்ள எண்ணை வைத்து, டிஎம்வி இணையதளத்துக்கு நீங்களாகவே போய்க் கட்டுங்கள்.

டிசம்பர் பயணம்

பழைய காருக்கு மூடிய இடம் கிடைத்தால், கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே பிளேட்டை ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். ரசீது கைக்கு வந்த பிறகுதான் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு போன். திரும்பி வந்ததும் இந்த வரிசையைத் திருப்பிச் செய்ய வேண்டும்: முதலில் பாலிசி, அப்புறம் பதிவு, பிளேட்.

இடம் கிடைக்காமல் கார் தெருவில்தான் நிற்கும் என்றால் பாலிசியை நிறுத்தாதீர்கள், மெலிதாக்குங்கள். மாநிலம் கட்டாயமாகக் கேட்பது, அடுத்தவர் காயத்துக்கு ஒருவருக்கு 25,000 டாலர், ஒரு விபத்துக்கு மொத்தம் 50,000, மரணம் என்றால் இவை இரட்டிப்பாக 50,000, 1,00,000. சொத்துச் சேதத்துக்கு 10,000, நோ-ஃபால்ட் எனப்படும் மருத்துவச் செலவுப் பாதுகாப்பு 50,000, இன்ஷூரன்ஸ் இல்லாதவர் வந்து மோதினால் கிடைக்கும் பாதுகாப்பு. உங்கள் காருக்கே நேரும் மோதல் சேதத்துக்கான கவரேஜ் கட்டாயம் இல்லை. அந்த இரண்டு மாதத்துக்கு அதை மட்டும் எடுத்துவிடச் சொன்னால் பிரீமியம் கணிசமாகக் குறையும், காரை மாற்றி நிறுத்தும் நண்பரும் சட்டப்படி ஓட்டுவார். உங்களுடையது போன்ற பழைய காருக்கு அந்த மோதல் கவரேஜை வருடம் முழுக்க வைத்திருக்க வேண்டுமா என்பதையும் ஏஜென்டிடம் அப்போதே கேட்டுவிடுங்கள். காரில் கடன் பாக்கி இருந்தால் மட்டும், எதையும் எடுக்கும் முன் வங்கியின் சம்மதம் வேண்டும்.